மழைத்தோட்டமா, பெரிய வடிகாலா: புதிய குடியிருப்புத் திட்டத்தில் எதைக் கேட்டு எழுதுவது?

கேள்வி

வணக்கம். எங்கள் பகுதியை ஒட்டி அமையவிருக்கும் குடியிருப்பு விரிவாக்கத்தின் வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தின் நடுவே ஓர் ஓடை செல்கிறது. வரைவில் அதை நேராக்கி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே மூடி, மிஞ்சும் இடத்தை மனைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடையைத் திறந்தபடியே விட்டுக் கரையை அகலப்படுத்த வேண்டும், தெருவோரங்களில் மழைத்தோட்டங்களும் (மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப்பாத்திகள்) தாழ்வான மூலையில் ஒரு குளமும் அமைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சிலர் சேர்ந்து எழுதிக் கொடுக்க இருக்கிறோம்.

கலந்தாய்வுக் கூட்டத்தில் பொறியாளர் ஒருவர், செடிகொடிகள் சிறு மழைக்குத்தான் உதவும், பெருமழைக்கு வடிகாலை விட்டால் வேறு வழியில்லை என்றார். அவருக்கு விடை சொல்ல எங்களிடம் கணக்கு எதுவும் இருக்கவில்லை. தேங்கும் நீரில் கொசு பெருகும் என்று இன்னொருவர் எழுப்பிய அச்சத்திற்கும் நாங்கள் வாயடைத்துத்தான் நின்றோம். இயற்கை சார்ந்த ஏற்பாடுகள் வெள்ளத்தை எந்த அளவுக்குத் தாங்கும், மனுவில் எவற்றைக் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாதபடி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1 (வடிகால் வடிவமைப்பில் இருப்பவர்)

அந்தப் பொறியாளர் சொன்னதில் பாதி உண்மை. அதை முழுதாக மறுத்து எழுதினீர்களானால் உங்கள் மனு அந்த இடத்திலேயே வலுவிழந்துவிடும். எனவே முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10 கன மீட்டர் நீர். அந்த ஹெக்டேரில் 6,000 சதுர மீட்டர் கூரையும் சாலையுமாக மூடப்பட்டிருந்தால், 25 மில்லிமீட்டர் மழைக்கு அந்தப் பரப்பிலிருந்து மட்டும் ஏறத்தாழ 150 கன மீட்டர் வழிந்து வரும். 600 சதுர மீட்டரை மழைத்தோட்டத்துக்கு ஒதுக்கி, மேலே 15 சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி பள்ளமாக்கி, கீழே 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமுள்ள மண்கலவையை நிரப்பினால், மேலே 90, கீழே 72 என்று மொத்தம் 162 கன மீட்டர் பிடிக்கும். அந்த மழைக்கு வடிகாலே தேவைப்படாது. அதோடு, கூரையிலும் சாலையிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் அடித்துக்கொண்டு வரும் முதல் நீர் ஓடைக்குப் போகாமல் மண்ணிலேயே வடிகட்டப்படும். ஆனால் அதே நிலத்தில் 150 மில்லிமீட்டர் கொட்டினால் வருவது 900 கன மீட்டர். தோட்டம் தன் பங்கைப் பிடித்த பிறகும் 700 கன மீட்டருக்கு மேல் போக்கிடம் தேடும். ஆண்டில் பெய்யும் மழைகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. வீட்டுக்குள் நீர் புகுவது இரண்டாம் வகையில்.

ஆகவே மழையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை கேளுங்கள். அடிக்கடி பெய்யும் மழை எங்கே நிற்கும்? பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழை எதன் வழியே வெளியேறும்? அதற்கும் மிஞ்சியது எந்தத் தெருவில் எந்தப் பக்கமாக ஓடும்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான வரைவுகளில் விடையே இருப்பதில்லை. மிகைநீர் வழிந்து வெளியேறும் கலங்கலை வைக்காமல் யாரும் ஏரிக்கரை கட்டுவதில்லை. குடியிருப்புக்கும் ஒரு கலங்கல் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோபன்ஹேகன் நகரம் இதைப் பட்டுத்தான் கற்றது. 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு அங்கே மழை கொட்டியது. அடுத்த ஆண்டே பெருமழைத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது அதன் இலக்கு. நிலத்தடிக் குழாய்களை மட்டுமே பெரிதாக்கி அதை எட்ட முயலாமல், சில தெருக்களையே நீரோடும் வழியாகவும் சில பூங்காக்களைத் தற்காலிகத் தேக்கமாகவும் மாற்றியமைக்கும் ஏறத்தாழ 300 பணிகளைத் திட்டமிட்டார்கள். சுரங்கக் குழாய்களும் அதில் உண்டு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

மறுமொழி 2 (ஆற்றுச் சூழலியல் படித்தவர்)

மேலே உள்ள மறுமொழி தெருக்களைப் பற்றியது. நான் ஓடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் வரைவில் திருத்தவே முடியாமல் போகக்கூடிய பிழை அதுதான். மழைத்தோட்டத்தைப் பத்து ஆண்டு கழித்துக்கூட ஒரு தெருவில் சேர்க்கலாம், மனையாகப் பதிவாகிவிட்ட ஓடைக்கரையை மீட்பது அநேகமாக நடக்காது.

வளைந்து செல்லும் ஓடையை நேராக்கினால் அதன் நீளம் குறைந்து சரிவு கூடுகிறது. கான்கிரீட்டின் வழவழப்பில் நீர் மேலும் விரைகிறது. பல மணி நேரத்தில் பரவி வர வேண்டிய வெள்ளம் ஒரே முகடாகத் திரண்டு, கீழே இருப்பவர்களின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. உங்கள் இடம் காய்ந்திருக்கலாம். ஓடையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களையும் மனுவில் கையெழுத்திடச் சொல்லுங்கள், அது அவர்களுடைய வழக்கும்தான்.

சிங்கப்பூரின் பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் இதற்கு நேர்மாறான பணி நடந்து 2012-இல் திறக்கப்பட்டது. 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயை அகற்றி, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள். வறண்ட நாளில் குழந்தைகள் கல்லுக்குக் கல் தாவி நடுவில் ஓடும் நீரைக் கடக்கிறார்கள். மழை வலுக்கும்போது அந்தப் புல்வெளியே வெள்ளப்பரப்பாகிவிடும். நீர்மட்டம் ஏறுவதை உணர்கருவிகள் கண்டறிந்து எச்சரிக்கை விடுக்கின்றன. இதில் நான் மிகவும் மதிக்கும் செய்தி ஒன்று உண்டு. கால்வாய் நீர் வாரியத்திடமும் பூங்கா வேறொரு வாரியத்திடமும் இருந்தும், இரண்டும் சேர்ந்து ஒரே வரைபடத்தில் வேலை செய்தன. உங்கள் ஊரிலும் ஓடை ஒரு துறைக்கும் அதன் கரை இன்னொரு துறைக்கும் சொந்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. மனுவை இரண்டு துறைகளுக்கும் அனுப்புங்கள்.

மறுமொழி 3 (பூங்காப் பராமரிப்பில் பல ஆண்டு பணிபுரிந்தவர்)

கொசுவைப் பற்றிய அச்சம் நியாயமானது, அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், வெப்பம் மிகுந்தால் சற்றுக் குறையும். ஒழுங்காக அமைத்த மழைத்தோட்டம் ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும். வடியவில்லையென்றால் அது பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். குளத்தில் நிலையாக நீர் இருக்கும். மீனும் தட்டானின் இளம்புழுவும் அங்கே கொசுப்புழுவைத் தின்றுவிடும்.

பழுது எங்கே வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாலை நீர் தோட்டத்துக்குள் இறங்குவதற்காக ஓரக்கல்லில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வாயில் உதிர்ந்த இலையும் அதன்மேல் மணலும் விரற்கடை உயரம் படிந்தால் போதும், நீர் உள்ளே திரும்பாமல் ஓரக்கல்லை ஒட்டியபடியே கடந்து போய்விடும். உள்ளே செடிகள் வாடிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளிச் சாலையில் நீர் தேங்கி நிற்கும். ஒரு மண்வெட்டியும் கால் மணி நேரமும் இருந்தால் தீரும் வேலை அது. ஆனால் அதைச் செய்வது யாருடைய பொறுப்பு என்று எழுதப்படாததால் மாதக்கணக்கில் கிடந்தது.

இன்னொன்று, வீடுகள் கட்டி முடிவதற்கு முன் மழைத்தோட்டத்தை அமைக்க விடாதீர்கள். சிமெண்ட் பாலும் செம்மண் சேறும் வழிந்து வந்து முதல் மழையிலேயே மண்ணின் துளைகளை அடைத்துவிடும், பிறகு கலவை முழுவதையும் தோண்டி மாற்ற வேண்டியிருக்கும்.

மறுமொழி 4

எல்லா இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்குவது சரியாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் நிலையம், பணிமனை, பழைய கழிவுக்கிடங்கு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இறக்கினால் நிலத்தடி நீர் கெடும். நிலத்தடி நீர்மட்டம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் இடத்திலும், கட்டடத்தின் அடித்தளத்தை ஒட்டியும் கூடாது.

மழைநீரை மண்ணிலும் பசுமைப் பரப்பிலும் தேக்கும்படி அமைக்கும் நகரத்தை உறிஞ்சும் நகரம் என்பார்கள். அந்தப் பெயரை நம்பி எல்லாம் தீர்ந்துவிடும் என்று எழுதவும் வேண்டாம். சீனா 2015-இலிருந்து அத்தகைய நகரங்களுக்குப் பெரும் முதலீடு செய்தது. அத்தகைய பணிகள் நடந்துவந்த செங்செள நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. சுரங்க ரயிலுக்குள்ளேயே மக்கள் இறந்தார்கள். அந்த அளவு மழையை எந்தத் தோட்டமும் உறிஞ்சாது, எந்த வடிகாலும் ஏற்காது. எச்சரிக்கையும், உரிய நேரத்தில் ரயிலை நிறுத்தும் அதிகாரமுமே அங்கே உயிரைக் காத்திருக்கும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மனுவின் தலைப்பையே மாற்றிவிட்டோம். மழைத்தோட்டம் வேண்டும் என்பதற்குப் பதிலாக மூன்று அளவு மழைக்கும் விடை வேண்டும் என்று தொடங்குகிறோம். ஓடையைத் திறந்தபடி விடுவதை முதல் கோரிக்கையாகவும், பராமரிப்புப் பொறுப்பைத் துறையின் பெயரோடு குறிப்பிட வேண்டும் என்பதை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறோம். எங்கள் மண் நீரை உறிஞ்சுமா என்பதை நாங்களே பார்க்க வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீரை நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். மண் நனைந்த பிறகு கிடைக்கும் அளவுதான் பயன்படும். மறுபடி நிரப்பி, அளவுகோலை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறியுங்கள். பக்கவாட்டிலும் நீர் கசியும் என்பதால் உண்மை வேகம் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மணலில் மளமளவென்று இறங்கும். களிமண்ணில் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும், அங்கே மழைத்தோட்டத்தின் அடியில் துளையிட்ட வடிகுழாய் ஒன்று தேவைப்படும். ஓடையின் அருகே, மேட்டில், குளம் வரவேண்டிய மூலையில் என்று குறைந்தது மூன்று இடங்களில் செய்து, தேதியோடும் படத்தோடும் மனுவில் இணையுங்கள்.