தேரி, கரிசல், வயல்: செருப்புத் தடமும் டயர் தடமும் வார்ப்பு எடுப்பது எப்படி?

பொருநைக்கரை (கேள்வி):

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சம்பவ இடத்துத் தடத்தை வார்ப்பா எடுக்கது பத்திக் கிடைக்கிற குறிப்பெல்லாம் ஏதோ தோட்டத்து மண்ணை மனசுல வச்சு எழுதுனது மாதிரி இருக்கு. நம்ம பக்கம் சாத்தான்குளம் தாண்டுனா தேரி (செம்மணல் மேடு), சங்கரன்கோவில் போனா கரிசல், அம்பாசமுத்திரம் சேரன்மகாதேவின்னா தண்ணி நிக்கிற வயல். மூணுக்கும் ஒரே மாதிரி ஊத்தலாமா? தேரியில ஊத்துனதும் ஓரம் சரிஞ்சு தடம் கலைஞ்சிருது. ஹார்டுவேர் கடை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதுமா, பல் டாக்டர் அச்சு எடுக்கிற கெட்டி ஜிப்சம் பவுடரான டென்டல் ஸ்டோன்தான் வேணுமா? டயர் தடம் எவ்வளவு நீளம் எடுக்கணும்? அளவோட சொன்னா நல்லது.

அச்சுவார்ப்பு:

ஊத்துறதுக்கு முன்னால போட்டோ. ஊத்துன பெறவு மண்ணுல அந்தத் தடம் இருக்காது. வார்ப்பு உடைஞ்சா மிஞ்சுறது படம் மட்டுந்தான்.

கேமரா ஸ்டாண்டுல, தடத்துக்கு நேர் மேல, இம்மி சாயாம இருக்கணும். நிறையப் பேரு தப்பு பண்ணுறது ஸ்கேல்ல. மண்ணு மேல சும்மா வச்சிருதாங்க. தடம் 3 செ.மீ. ஆழம், கேமரா 1 மீட்டர் உயரம்னு வைங்க. மேல கிடக்கிற ஸ்கேலை நம்பி அளந்தா 27 செ.மீ. செருப்பு கிட்டத்தட்ட 8 மி.மீ. குறைஞ்சு தெரியும். ஒரு சைஸே மாறிப்போச்சுல்லா? தடத்துக்குப் பக்கத்துல சின்னதாத் தோண்டி, ஸ்கேல் தடத்தோட அடிமட்டத்துக்கு வர்ற மாதிரி வைங்க. ஸ்கேல் இல்லாம ஒரு படம், ஸ்கேலோட மிச்சம்.

வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும். பிளாஷைக் கழட்டி ஒரு மீட்டர் தள்ளிப் பிடிச்சு, மூணு நாலு திசையில இருந்து தனித்தனியா எடுங்க. லேசான தடத்துக்கு வெளிச்சம் தரையோட தரையா வரணும். ஆழமான தடத்துக்குக் கொஞ்சம் உயர்த்துங்க, இல்லைன்னா நிழலே உள்ளே நிறைஞ்சிரும். நம்ம ஊரு வெயில்ல குடை கட்டாயம். நேர் வெயில் விழுந்தா பிளாஷ் எடுபடாது. தடம் படம் முழுக்க நிறையணும்: 24 மெகாபிக்சல் கேமராவுல 30 செ.மீ. அடங்குனா மில்லிமீட்டருக்கு 20 புள்ளி வரும். செருப்போட சின்ன வெட்டு கூடத் தெரியும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம். மெத்துன்னு இருக்கும், மண்ணைத் தேய்ச்சுக் கழுவும்போது நுணுக்கமும் சேர்ந்து தேஞ்சிரும். டென்டல் ஸ்டோன் ஒரு செருப்புத் தடத்துக்கு 1 கிலோ, தண்ணி 300 முதல் 350 மில்லி. ஜிப் பையில பவுடரை முன்னாலயே எடை போட்டு வச்சுக்கிட்டா அங்க போய்த் தண்ணியை ஊத்திப் பிசைஞ்சாப் போதும். 3 முதல் 5 நிமிஷம், கட்டி இல்லாம. பதம் தோசை மாவை விடக் கொஞ்சம் இளக்கம். தண்ணி கூடுனா பலம் குறையும். உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, கொஞ்ச உப்பு இருந்தாலே சீக்கிரம் இறுகிரும். குடிதண்ணி கேன் கொண்டுபோங்க. வெயில்ல கிடந்து சுட்ட தண்ணியும் அப்படித்தான், ஊத்தி முடிக்கிறதுக்குள்ள கெட்டியாயிரும்.

தடத்துக்குள்ள நேரா ஊத்தாதீங்க. பையோட மூலையை வெட்டி, தடத்துக்கு வெளியே ஊத்தி, அதுவாவே வழிஞ்சு உள்ளே போக விடணும். கனம் ஒன்றரை முதல் 2 செ.மீ. மேல்புறம் இறுகுறதுக்கு முன்னால குச்சியால வழக்கு எண், தேதி, தடம் எண், வடக்கு அம்புக்குறி கீறுங்க. அரை மணி நேரம் கழிச்சுத் தூக்கலாம். ஓரத்தைப் பிடிச்சு இழுக்காம அடியில மண்ணை விலக்கித் தூக்கணும். ஒட்டுன மண்ணை அங்கயே கழுவக் கூடாது, அந்த மண்ணும் தடயந்தான். ரெண்டு நாள் காத்தாடக் காயணும். காகிதம், அட்டைப்பெட்டி சரி. பிளாஸ்டிக் பையில ஈரம் தங்கிரும்.

செம்மண்தேரி:

மேலே சொன்னதோடு தேரிக்கு மட்டும் சில வார்த்தைகள். உலர்ந்த தேரி மணலில் பிடிப்பே கிடையாது. ஆனி ஆடிக் காற்றில் தடம் கண்முன்னே மங்கும். காற்று வரும் திசையில் முதலில் ஒரு அட்டையோ தார்ப்பாயோ மறைப்பாக நிறுத்துங்கள். படம் எடுத்து முடித்தபின், ஹேர் ஸ்பிரேயை நேராக அடிக்காமல், தடத்துக்கு அரை மீட்டர் மேலே கிடைமட்டமாக அடித்து, துளி தானாக விழும்படி விடுங்கள். ஒரு மெல்லிய பூச்சு, சற்றுக் காய்ந்ததும் இன்னொன்று. அதன்பின் கலவையை ஒரு கரண்டியின் முதுகில் விழவைத்து வேகம் குறைத்து ஊற்ற வேண்டும்.

தடத்தில் கிடக்கும் சருகைப் பற்றியும் கவனம். பின்னால் பறந்து வந்து விழுந்ததென்றால் எடுக்கலாம். மிதிபட்டு மண்ணோடு அமுங்கிய பனஓலைத் துணுக்கோ முள்ளோ தடத்தின் பகுதி. பிடுங்கினால் சுற்றியுள்ள அச்சும் பெயரும்.

அச்சுவார்ப்பு:

அண்ணாச்சி, ஸ்பிரே விஷயத்துல நான் ஒத்துக்கிட மாட்டேன். மணல் உருளுதுன்னா மட்டும் அடிங்க. டென்டல் ஸ்டோனைப் பைய ஊத்துனா பல இடத்துல ஸ்பிரே இல்லாமலே நிக்கும். ரெண்டு பூச்சு அடிச்சா மெல்லிய கோடெல்லாம் மூடிரும். பக்கத்துலயே நம்ம செருப்பால ஒரு தடம் பதிச்சு, அதுல முதல்ல ஊத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே.

செம்மண்தேரி:

சோதனைத் தடம் நல்ல யோசனை. ஆனால் அது உங்களுடையது என்று படத்திலும் குறிப்பிலும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் அதுவே வேறொரு ஆளாகிவிடும்.

வண்டித்தடம்:

டயர் பத்தி. பாதி அடி நீளத்துக்கு ஒரு வார்ப்பு எடுத்தா டிசைன் மட்டும் தெரியும். எந்த டயர்னு சொல்ல முடியாது. சத்தம் குறையணும்னு டயர் கட்டையை (தரையில படுற ரப்பர் மேடு) ஒரே அளவுல போடாம, சின்னதும் பெரிசுமா மாத்தி மாத்திச் சுத்திப் போடுவாங்க. அதனால தடத்துல இருக்கிற துண்டு டயரோட எந்த இடம்னு பிடிக்க நீளம் வேணும். முடிஞ்சா ஒரு முழுச் சுற்று: 18 இஞ்ச் பைக் சக்கரத்துக்கு சுமார் 1.9 மீட்டர், 13 இஞ்ச் சின்னக் காருக்கு 1.8 மீட்டர், லாரிக்கு 3 மீட்டருக்கு மேல. பக்கத்துல டேப்பை நீட்டிப் போட்டு, ஒண்ணோட ஒண்ணு மூணுல ஒரு பங்கு மேற்கவியிற மாதிரி துண்டு துண்டாப் படம் எடுங்க.

வார்ப்புக்குக் கார் டயர்னா மீட்டருக்கு 5, 6 கிலோ பவுடர். தனியா ஊத்த முடியாது, ரெண்டு பேரு வேணும். டிராக்டர் பின்சக்கரக் கட்டை ஆழம் என்கிறதால இன்னும் கூடும். அங்க தேஞ்ச, வெட்டுப்பட்ட கட்டை இருக்கிற பகுதியை மட்டும் ஊத்துங்க, மிச்சத்துக்குப் படம் போதும். இடது வலது தடத்தோட நடுவுக்கு நடு அகலமும் அளந்து குறிங்க.

கரிசலுக்கு ஒண்ணு. ஈரத்துல பதிஞ்ச தடம் காயக் காயச் சுருங்கி வெடிக்கும். மழை விட்டு வெயில் ஏறுறதுக்குள்ள படமும் அளவும் முடிஞ்சிரணும். காய்ஞ்ச பெறவுதான் பாத்தோம்னா ‘தடம் சுருங்கியிருக்கு’ன்னு குறிப்புல எழுதுங்க, பெறவு செருப்பு அளவு பொருந்தலைன்னா காரணம் இருக்கும். வார்ப்புல கரிசல் பிடிச்சா விடாது, ஆய்வகத்துல பொட்டாசியம் சல்பேட் நிறைகரைசல்ல ஊறவச்சு எடுப்பாங்க.

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி. வயல்ல தண்ணி நிறைஞ்ச தடத்தை முதல்ல இறைச்சிரணுமா? வீட்டுத் தரைத் தூசித் தடத்துக்கு, தூசியை ஒட்டி எடுக்கிற ஜெலட்டின் தாள் போதுமா?

வண்டித்தடம்:

இறைக்காதீங்க, சேறும் சேர்ந்து வரும். சுத்தி மண்ணால வரப்பு கட்டி, டென்டல் ஸ்டோன் பவுடரைச் சல்லடையால தண்ணி மேல தூவுங்க. அது மெதுவா இறங்கித் தடத்தை மூடும். ஒரு படலம் படிஞ்சதும் கெட்டியாக் கலந்ததை மேல ஊத்தி, ஒரு மணி நேரமாவது விடுங்க.

செம்மண்தேரி:

வீட்டுத் தரை என்றால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துப் பாருங்கள்; நின்று பார்த்தால் தெரியாத தடம் தெரியும். காய்ந்த தூசி என்றால் முதலில் நிலைமின்னூட்டக் கருவி (மின்னூட்டத்தால் தூசியை ஒரு படலத்துக்கு இழுப்பது), மிச்சத்துக்குக் கறுப்பு ஜெலட்டின். ஈரக்கால் காய்ந்த தடத்துக்கு நிலைமின்னூட்டம் எடுபடாது. ஜெலட்டின் தாளைச் சித்திரை வெயிலில் பூட்டிய ஜீப்பில் விடாதீர்கள், இளகிவிடும். எடுத்ததையும் உடனே படம் பிடியுங்கள்.

மகஜர்காரன்:

தாளும் சரியா இருக்கணும். எத்தனை தடம், எந்த இடம், எதுக்கு எந்த எண் என்பது பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தைப் பாத்து சாட்சி முன்னால எழுதுற குறிப்பு) மாதிரி வரைபடத்திலும் ஒரே மாதிரி இருக்கணும். வார்ப்பு முதுகுல கீறுன எண்ணே, பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்புற படிவம் 95-லயும் வரணும். 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 176(3)-படி, மாநில அரசு அறிவிக்கிற தேதியில இருந்து, ஏழு வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை உள்ள குற்றத்துக்குத் தடய அறிவியல் ஆள் வந்து எடுக்கணும், வீடியோவும் வேணும். படத்துக்கும் வீடியோவுக்கும் புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63(4) சான்று, ஹேஷ் மதிப்போட (கோப்பு மாறலைன்னு காட்டுற குறியீடு).

சந்தேக நபரோட செருப்பைத் தடத்துக்குள்ள வச்சுப் பொருத்திப் பாக்கிற ஆளு இன்னும் இருக்காங்க. செய்யவே கூடாது. தடமும் போச்சு, செருப்புல அந்த மண்ணும் ஒட்டியாச்சு. செருப்பைத் தனியாக் காகிதத்துல சுத்தி, தனிப் பெட்டியில அனுப்புங்க. ரப்பர் செருப்புன்னா வார் அறுந்து அடியில ஊக்கு குத்தியிருக்கான்னு பாத்துக்கிடுங்க. அந்த ஊக்கோட அச்சு தடத்துல விழுந்திருந்தா சைஸை விட அதுக்குத்தான் மதிப்பு அதிகம்.