டிராக்கில் இஎஸ்சியை ஆஃப் செய்துவிட்டு ஓட்டலாமா?

மூணாவதுகியர்: அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (நம் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள்), எனக்கு முதல் தடவை. சாதாரண முன்சக்கர டர்போ ஹேட்ச்பேக்தான், டயர்கூட மாற்றவில்லை. இஎஸ்சி (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) மாதிரி எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் ஆஃப் செய்தால்தான் வேகம் வரும், இல்லாவிட்டால் ஓட்டுவது நீ இல்லை கம்ப்யூட்டர்தான் என்கிறான் நண்பன். உண்மையா?

கரிப்புகை: பாதி உண்மை. சாலைக் கார்களின் இஎஸ்சி லேப் டைமுக்காக எழுதப்பட்டதல்ல. ஸ்டீயரிங் காட்டும் திசைக்கும் வண்டி உண்மையில் திரும்புவதற்கும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்தைத் தானே பிரேக் பிடிக்கும், இன்ஜின் பவரையும் குறைக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது மிதிக்க மிதிக்க வண்டி எடுக்காமல் கடுப்பேற்றுவது அதனால்தான், பிரேக் பேடும் வீணாகச் சூடாகும். ஆனால் ரேஸுக்கென்றே டியூன் செய்தது வேறு. ஜிடி3 என்ற பந்தயப் பிரிவின் கார்களில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (மிதிக்கும்போது சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுப்பது) இரண்டும் உண்டு. டயர் தேயத் தேய, மழை வந்தால் அதற்கேற்ப, காக்பிட்டில் இருக்கும் குமிழைத் திருகிக்கொண்டே ஓட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து கம்ப்யூட்டர் ஓட்டுகிறது என்று உங்கள் நண்பர் சொல்வாரா?

பழைய_எஃப்1_பைத்தியம்: எஃப்1-ல் 1993 வில்லியம்ஸ் அணியின் வண்டியை மறந்துவிட்டீர்களே. ஆக்டிவ் சஸ்பென்ஷன் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன்), டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் என்று எல்லாம் இருந்த அந்த வண்டியில்தான் புரோஸ்ட் நான்காவது பட்டத்தை வாங்கினார். 1994-ல் இவற்றைத் தடை செய்தது வண்டி மெதுவாகப் போனதாலா என்ன? ஆனால் தடை இருந்தும் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஓயவே இல்லை. 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து டிராக்‌ஷன் கன்ட்ரோலை மறுபடி அனுமதித்தார்கள், 2008-ல் எல்லா அணிக்கும் ஒரே இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கொடுத்த பிறகுதான் ஒழிந்தது. ரசிகனாக எனக்கு அது இல்லாத பந்தயம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

செட்டிபாளையம்_சுற்று: முதல் தடவை போகிறவரிடம் எஃப்1 கதையா :) தம்பி, காலையில் எல்லாம் ஆன்லயே இருக்கட்டும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எந்த வளைவில் மினுக்குகிறது என்று மட்டும் பாருங்கள். முன்சக்கர வண்டியில் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை நேராக்கும் முன்பே அவசரப்பட்டு மிதிப்பதுதான் காரணம். விளக்கு எரியாமல் அதே வேகத்தில் சுற்ற வந்த பிறகு, இஎஸ்சியைக் கொஞ்சம் தளர்த்தும் ஸ்போர்ட் மோடுக்குப் போகலாம். ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கு என்று ஒரு அறிவாளி கட்டாயம் வருவார், காதில் வாங்காதீர்கள்.

மூணாவதுகியர்: நன்றி அண்ணா. என் வண்டியில் ஸ்போர்ட் மோட் கிடையாது, ஆஃப் பட்டன் மட்டும்தான்.

செட்டிபாளையம்_சுற்று: அப்படியென்றால் முதலில் மேனுவலைப் படியுங்கள். பல வண்டிகளில் அந்தப் பட்டன் டிராக்‌ஷன் கன்ட்ரோலை மட்டும்தான் நிறுத்தும், இஎஸ்சி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும்.