தாத்தா லேத் – டெயில்ஸ்டாக் விரிசல்

குழு: ஸ்ரீராமபுரம் குடும்பம்

குமார்: காமாட்சிபாளையா ஷெட்ல தாத்தா லேத்தோட (கடைசல் மெஷின்) டெயில்ஸ்டாக், அதான் ஜாபோட மறுமுனைய தாங்குற பகுதி, அதோட பாடி விரிசல் விட்டிருச்சு, கிளாம்ப் போல்ட் ஏறுற காது கிட்ட. போட்டோ பாருங்க. செவ்வாக்கிழமை ஷாஃப்ட் ஜாப் குடுக்கணும், நல்ல வெல்டர் யாராவது தெரியுமா

செல்வி அத்தை: ஐயோ அப்பா லேத்தா

ரவி அண்ணன்: யாரு இறுக்குனது

குமார்: புது பையன். ஸ்பேனர்ல பைப் மாட்டி இழுத்திருக்கான்

சேகர் சித்தப்பா: குமாரு யார்கிட்டயும் குடுத்துராத. அது காஸ்ட் அயர்ன்டா, வார்ப்பிரும்பு, கார்பன் 2ல இருந்து 4 சதவீதம் வரை, அதுல பெரும்பகுதி கிராஃபைட் செதிலா உள்ள கிடக்கும், அதனாலதான் லேத் அதிர்வ தாங்குது, ஆனா இழுத்தா நீளாது பட்டுனு விட்டுரும். கேட்டு கிரில் பத்தவைக்கிற ஆளு சாதா ராடு போட்டு குடுப்பான், பாக்க அழகா இருக்கும், ஆறும்போது வெல்டுக்கு பக்கத்துலயே புதுசா கீறும்

லட்சுமி பெரியம்மா: ஞாயித்துக்கிழமை பாப்பா காதுகுத்து. யார் யார் வரீங்கன்னு கேட்டு ரெண்டு நாளாச்சு

ரவி அண்ணன்: வித்துட்டு பீன்யா தொழிற்பேட்டைல நல்ல செகண்ட் ஹேண்ட் ஒன்னு எடுக்கலாம்னு அப்பவே சொன்னேன்

செல்வி அத்தை: அது வித்து பங்கு போடுற சாமான் இல்ல ரவி

ரவி அண்ணன்: நான் பங்குன்னே சொல்லல அத்தை

மணி மாமா: பித்தளை ராடு உருக்கி ஒட்டுங்க. கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) ஒர்க்‌ஷாப்ல 2001ல சுரங்கம் மூடுற வரைக்கும் நாங்க அப்படித்தான் ஒட்டுனோம்

செல்வி அத்தை: ஆரம்பிச்சுட்டாரு கேஜிஎஃப்

சேகர் சித்தப்பா: மச்சான் சொல்றதும் சரிதான். பித்தளை ராடு 900 டிகிரி பக்கம் உருகும், இரும்பு உருகாது, அதனால இழுவை கம்மி. ஆனா ஒருதடவ பித்தளை ஏறிட்டா அப்புறம் அது மேல நிக்கல் ராடு, அதான் காஸ்ட் அயர்ன் வெல்டுக்கு போடுற இன்னொரு ராடு, ஒழுங்கா பிடிக்காது, அதனால முதல்லயே முடிவு பண்ணணும். எதுவா இருந்தாலும் விரிசல் முடியுற இடத்துல 3 மி.மீ. ஓட்டை போடு, இல்லன்னா ஓடிக்கிட்டே போகும். வி மாதிரி வெட்டிட்டு சூடு பண்ணி உள்ள ஊறுன எண்ணெய எரிச்சு எடு, இத்தன வருஷத்து ஆயில் அதுல இருக்கு. நிக்கல்னா ஒரு இஞ்சுக்கு மேல ஒரே ஓட்டத்துல போடக்கூடாது, போட்ட உடனே சூட்டோட சின்ன சுத்தியலால தட்டணும், அடுத்தத கொஞ்சம் தள்ளி போடணும். முடிஞ்சதும் தண்ணி படவே கூடாது

ரவி அண்ணன்: ஸ்டீல் பட்டி வச்சு போல்ட் அடிச்சா ஆகாதா

சேகர் சித்தப்பா: வெல்டு மேல பட்டியும் போட்டா இன்னும் நல்லது. நல்ல யோசனைதான் ரவி

மணி மாமா: பித்தளைதான் என் ஓட்டு

குமார்: ஒட்டுனதுக்கு அப்புறம் சென்டர் தப்பாதா சித்தப்பா

சேகர் சித்தப்பா: தப்பலாம். அடிபாகத்துல ப்ளூ சாயம் தடவி மேடு எங்கன்னு பாத்து சுரண்டி எடுக்கணும், ஹெட்ஸ்டாக் (ஜாப சுத்துற பக்கம்) சென்டரோட நேரா இருக்கான்னு டயல் கேஜ் வச்சு செக் பண்ணணும். அது என் வேலை

லட்சுமி பெரியம்மா: சாப்பாட்டுக்கு 40 பேர்னு சொல்லிட்டேன்

செல்வி அத்தை: 50 சொல்லுங்க அண்ணி, கேஜிஎஃப்ல இருந்தும் வராங்க

குமார்: நாளைக்கு கழட்டி வைக்கிறேன். சித்தப்பா மாமா ரெண்டு பேரும் வந்து பாத்து சொல்லுங்க

மணி மாமா: வரேன். பித்தளை ராடு எடுத்துட்டு வரேன்

சேகர் சித்தப்பா: நான் நிக்கல் ராடு வாங்கிட்டு வரேன். அடுப்பு சாம்பல் ரெண்டு கூடை எடுத்து வை குமாரு, ஈரம் இருக்கக் கூடாது, ராத்திரி முழுக்க அதுலயே புதைச்சு ஆற விடணும்