ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்? பட்ஜெட் 150 ரிங்கிட்

செந்தூல் அம்மா:
மகளுக்கு 18 மாசம். நல்லா நடக்கிறாள், பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். கொண்டோ (அடுக்குமாடி) வீடு, தரை முழுக்க டைல்ஸ், இடம் கம்மி. பட்டனை அமுக்கினால் "அம்மா, ஆடு" என்று சொல்லிப் பாட்டும் பாடுகிற டேப்லெட் பொம்மை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கினால் பேச்சு சீக்கிரம் வருமா? இல்லை, வேறு ஏதாவது வாங்கலாமா?

பாலர்பள்ளி டீச்சர்:
அதை விட்டுடுங்க சிஸ்டர். பொம்மை பேச ஆரம்பித்தால் பெரியவங்க பேச்சு நின்றுவிடும். 10 முதல் 16 மாதப் பிள்ளைகளோடு பெற்றோர் விளையாடுவதைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. பேட்டரிப் பொம்மை இருந்த நேரத்தில் பெற்றோர் பேசிய வார்த்தைகள் குறைந்தன. படப்புத்தகம் இருந்தபோது அதிகமாகப் பேசினார்கள்.

பேச்சுக்கு நான் முதலில் சொல்வது சொப்புச் சாமான். இந்த வயசில்தான் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற பாவனை விளையாட்டு தொடங்கும். வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளர், சின்னக் கரண்டி, மூடியோடு ஒரு கிண்ணம் போதும். கூடவே உட்கார்ந்து "ஊத்து, மூடு, கிண்டு, சூடு" என்று சொல்லிக்கொண்டே இருங்க. பொருளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வினைச்சொல் வராது.

காசு கொடுத்து வாங்குவதென்றால் மரக்கட்டைகள். பக்கம் 4 செ.மீ. இருக்கட்டும், பத்துப் பன்னிரண்டு போதும். 18 மாசத்தில் மூணு நாலு அடுக்குவாள், ரெண்டு வயசில் ஆறு. அடுத்தது வடிவப் பெட்டி, அதாவது வட்டம், சதுரம் என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் பொருந்துகிற கட்டையை உள்ளே போடுகிற பெட்டி. பன்னிரண்டு ஓட்டை உள்ளதை அப்படியே கொடுத்தால் நாலு தடவை முட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிவாள். வட்டத்தை மட்டும் விட்டு மற்ற ஓட்டைகளை டேப் ஒட்டி மூடுங்க. அது சரளமாக வந்ததும் சதுரம், முக்கோணம் கடைசி.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்காதீங்க. நாலு சாமான் போதும், மீதியை அலமாரியில் ஏற்றி வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்க. சாமான் குறைவாக இருந்தால் ஒரே பொருளோடு கூடுதல் நேரம், பல விதமாக விளையாடுவார்கள்.

ஜார்ஜ்டவுன் அண்ணாச்சி:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பால் மாவு டின்னின் பிளாஸ்டிக் மூடியில் 8 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டினால் உண்டியல் ரெடி. டின்னின் உள்விளிம்பு கையைக் கிழிக்கும், கனமான துணி டேப்பைச் சுற்றி ஒட்டணும். உள்ளே போட ஜாம் பாட்டில் மூடி கொடுங்க. தண்ணி பாட்டில் மூடி கூடவே கூடாது. மூணு வயசுக்குக் கீழ் உள்ளவர்களின் சாமான் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னதா என்று சோதிக்கிற உருளையின் விட்டம் 31.7 மி.மீ., பாட்டில் மூடி பெரும்பாலும் அதற்குள் போய்விடும். போனால் தொண்டையிலும் சிக்கும். வீட்டில் சோதிக்க டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய் போதும், அதற்குள் நுழைகிற எதுவும் வேண்டாம். சோங்காக் (பல்லாங்குழி மாதிரியான மலாய் விளையாட்டு) விதை, சோழியும் இந்தக் கணக்குதான்.

பேட்டரிச் சாமான் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கணும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் ரெண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே நேராக எமர்ஜென்சிக்குப் போங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. தண்ணியில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும் வேண்டாம், வயிற்றுக்குள்ளும் பெருக்கும்.

செந்தூல் அம்மா:
நன்றி. சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று சும்மா கிடக்கிறது, நடைவண்டியாக அதைக் கொடுக்கலாமா? மரச் சாமான் இங்கே பூஞ்சை பிடிக்குமே?

பாலர்பள்ளி டீச்சர்:
உட்கார்ந்து தள்ளுகிற வாக்கர்தானே? தூக்கிப் போடுங்க. கனடா 2004-லேயே தடை பண்ணிவிட்டது. நம் பழைய மூணு சக்கர மர நடைவண்டி வேறு, அதைப் பிள்ளை பின்னால் நின்று தள்ளும். டைல்ஸில் வழுக்கி ஓடும் என்பதால் அடித்தட்டில் ரெண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டி, சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டுங்க.

மரச் சாமானைத் தண்ணியில் முக்காதீங்க. மரம் ஊதிப் பெயிண்ட் உரியும், உரிந்தது வாய்க்குப் போகும். பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்த பிறகு திறந்த கூடையில் போடுங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில்தான் சீக்கிரம் பூஞ்சை வரும். இதைவிட மோசம் குளிக்கும்போது பீய்ச்சி விளையாடுகிற ரப்பர் வாத்து. அடியில் ஓட்டை இருந்தால் உள்ளே தண்ணி நின்று கறுத்துவிடும், ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்க.

அப்புறம், அரசாங்க கிளினிக்கில் 18 மாசப் பரிசோதனைக்குப் போகும்போது அவள் சொல்கிற வார்த்தைகளை எழுதி எடுத்துப் போங்க, நர்ஸ் கேட்பாங்க.