ஜீப்ரா மீனில் மூளையின் வெகுமதிப் பாதை (இன்ப உணர்வுச் சுற்று) சோதனை: ஒட்டுண்ணி முடிவைக் கெடுக்குமா?

கேள்வி: நிகோட்டின் கொடுத்து இடவிருப்பச் சோதனை (மருந்து கிடைத்த பக்கத்தை மீன் பிறகு நாடுகிறதா என்று பார்ப்பது) செய்கிறோம். ஒரே தொட்டி மீன்கள்தான். சில மட்டும் அடியில் உறைந்து நிற்கின்றன. டோஸ் அதிகமா?

பதில் 1: டோஸில் கைவைக்குமுன் சூடோலோமா நியூரோஃபிலியா என்ற நுண் ஒட்டுண்ணி இருக்கிறதா பாருங்கள். பின்மூளையிலும் தண்டுவடத்திலும் குடியேறும். மீன் பார்வைக்கு நலமாகவே தெரியும், ஆனால் திடுக்கிடும் விதமும் கூட்டமாக நீந்துவதும் மாறும். அந்தத் திசுக்களில் பிசிஆர் (ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) செய்யுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச்சீவலுக்கு லூனா சாயம். வழக்கமான சாயத்தில் வித்துகள் (ஒட்டுண்ணி பரவும் நுண்ணிய வடிவம்) கண்ணுக்குத் தப்பிவிடும்.

பதில் 2: வளர்ந்த மீன் மருந்தில்லாமலே இருட்டுப் பக்கம் ஒதுங்கும். முதலில் இயல்பு விருப்பத்தை அளந்து, பிடிக்காத பக்கத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

கேட்டவர்: முட்டைகளை ப்ளீச்சில் கழுவுகிறோமே, அப்படியும் தொற்று வருமா?

பதில் 1: வழக்கமான 25–50 பிபிஎம் வித்துகளை முழுசாகக் கொல்லாது. முட்டைக்குள்ளேயும் வித்து போகும், அங்கே ப்ளீச் எட்டாது. குணமாக்கும் மருந்தும் இல்லை. முட்டையிட்ட தாய்மீனைப் பிசிஆரில் சோதித்து, தொற்றுள்ளதன் குஞ்சுகளைக் கழித்துவிடுங்கள்.