குய்சோ சரிவுகளின் கரிமம் எங்கே போனது?

கல்லிடுக்கு:
தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாநிலத்தில், சுண்ணாம்புக்கல் சரிவுகளில் காட்டை வெட்டி மக்காச்சோளம் விதைத்ததால் மண்ணின் கரிமம் அழிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது அழியவில்லை, இடம் மாறியது. மழை மேல்மண்ணை அரித்துக் கீழ்ப் பள்ளங்களில் குவித்தது. ஒரு பகுதி பாறை வெடிப்புகளில் இறங்கியது.

மட்கு:
அரிப்பை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் ஏர் பட்டதுமே மண்கட்டிகள் உடைகின்றன. உள்ளே ஒளிந்திருந்த மட்கை, அதாவது மக்கிய இலைதழையின் கரிமத்தை, நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கிவிடுகின்றன. சோதிக்கவும் வழி உண்டு. கார்பன்-13 என்பது கரிமத்தின் சற்றுக் கனமான வகை. ஒரு பொது அளவுகோலைவிட அது எவ்வளவு குறைவு என்று அளந்தால், காட்டு மரங்கள் ஆயிரத்துக்குச் சுமார் மைனஸ் 27 காட்டும். மக்காச்சோளம் சுமார் மைனஸ் 12. இதை வைத்துப் பழைய காட்டின் மிச்சத்தைப் பிரித்துவிடலாம். அரிப்பே இல்லாத சமதள வயலிலும் அந்த மிச்சம் குறைந்திருந்தால், மழைமேல் பழி போட முடியுமா?

கல்லிடுக்கு:
கால்சியத்தை விட்டுவிட்டீர்களே! மட்கையும் களிமண்ணையும் பிணைத்து வைப்பது அதுதான். குய்சோவின் லிபோ பகுதியிலுள்ள மாவோலான் காட்டில் பாறையிடுக்கு மண் கறுப்பாக, மட்கு நிறைந்து கிடப்பதற்கு அந்தப் பிணைப்பும் ஒரு காரணம். இவ்வளவு உறுதியான கரிமம் ஓர் உழவில் கலைந்துவிடுமா?

மட்கு:
ஓர் உழவில் கலையாது. ஆண்டுதோறும் உழுதால் கலையும். இன்னொன்று, நீங்கள் பார்ப்பது சதவீதத்தை. கிலோ மண்ணுக்குக் கரிமம் அதிகம்தான். ஒரு ஹெக்டேரில் எத்தனை கிலோ மண் இருக்கிறது? துருத்தி நிற்கும் பாறையின் பரப்பைக் கழிக்காமல் மொத்தக் கரிம இருப்பைச் சொல்வது பெரும் பிழை. அங்கே மண்ணே குறைவு. சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி நீரில் கரைந்து போய்விடும். எஞ்சும் சொற்பக் களிமண் ஒரு சென்டிமீட்டர் சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் ஆகலாம்.

சுனைநீர்:
இருவரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு நீரில் கலந்து பாறையைக் கரைத்து, பைகார்பனேட் என்ற கரைந்த வடிவில் சுனைக்குப் போகிறது. அதிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழப் பாதி மண் தந்தது, மறுபாதி கல் தந்தது. சுண்ணாம்பு மீண்டும் படியும்போது பாதி காற்றுக்கே திரும்பிவிடும். முழுவதையும் சேமிப்பாக எழுதாதீர்கள்.

கல்லிடுக்கு:
பாறைப் பரப்பைக் கழிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். பள்ளத்து வண்டலை விட்டுவிட்டுச் சரிவை மட்டும் அளப்பதை ஏற்கமாட்டேன். 1999இல் தொடங்கிய விளைநிலத்தைக் காடாக்கும் திட்டம் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் உழவை நிறுத்தச் சொன்னது. அங்கே இன்று புதர் மண்டிய சரிவையும் அதன் அடிப்பள்ளத்தையும் சேர்த்தே தோண்டிப் பார்க்க வேண்டும்.

மட்கு:
தோண்டுவோம். கறுப்பு மேல்மண்ணோடு நிறுத்தாமல் பாறை தட்டும்வரை.