பொங்கல் தொடருக்கு முன் ரைடு வரிசையை மாற்றுவது சரியா?

பாமணிக்கரை எழுதியது:

மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் கபடி அணிக்கு, பொங்கலை ஒட்டி வரும் மின்னொளிப் போட்டிகளுக்கான பயிற்சி முகாம் நடந்துகொண்டிருக்கிறது. மழையில் திடல் சேறாகிக் கிடப்பதால் ஓர் உள்ளரங்கில் மேட் விரித்துப் பழகுகிறார்கள். பகலில் சம்பா வயலில் களையும் உரமும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் என்பதால், விடியலுக்கு முன் ஒரு முறையும் விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும்தான் முகாம் நடக்கிறது.

சிக்கல் புதிய பயிற்சியாளரைப் பற்றியது. எங்கள் முதன்மை ரைடரின் (கபடி பாடியபடி எதிர்க் களத்துக்குள் போய் ஆளைத் தொட்டுத் திரும்புபவர்) பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். இதுவரை அவர் களத்தில் நின்றால் ரைடு அவருடையதுதான், அவர் வெளியே போனால்தான் மற்றவர்கள் பாடப் போவார்கள் என்பதே எங்கள் வழக்கம். இப்போது வந்திருக்கும் பயிற்சியாளர், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ரைடு போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று பேர் மாறி மாறிப் போக வேண்டும். இரண்டு ரைடு வெறுமையாகத் திரும்பிய பிறகு வரும், புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் வெளியேற வேண்டிய டூ ஆர் டை ரைடுகூட வரிசைப்படிதான் என்கிறார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு தம்பிக்கு ஏறக்குறைய எங்கள் முதன்மை ரைடரான அண்ணனுக்கு நிகரான வாய்ப்பு கிடைக்கிறது.

சென்ற வாரப் பயிற்சி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஒரு டூ ஆர் டை ரைடில் அந்தத் தம்பி, ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனைக் கடந்தார். அதற்கு அப்பால் உள்ள, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை நோக்கி இடக்காலை நீட்டினார். எதிரணியில் ஓரத்தில் நிற்கும் கார்னர் அசையவில்லை என்றதும் திரும்பிப் பயிற்சியாளரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது, கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் போட்ட கூச்சலில் அண்ணன் தலை குனிந்து நின்றார். அணி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது முகாமில் இப்படி வரிசையைக் கலைப்பது தேவைதானா? ஆட்டம் தெரிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

தேவையே இல்லை என்பதே என் கருத்து. நம் பக்கத்துத் தொடர்களில் ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும், இறுதி ஆட்டம் விடியற்காலையில்தான் தொடங்கும். அந்த நேரத்தில் எதிரணியின் பிடி எங்கே தளர்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பவர், அன்று இரவு முழுவதும் அந்தக் களத்தில் பாடியவர் மட்டுமே. ரைடர் என்பவர் முதல் மூன்று நான்கு ரைடுகளில் புள்ளிக்காகப் போவதில்லை. எதிர் கார்னர் முந்திப் பாய்பவரா, காத்திருந்து காலைப் பிடிப்பவரா, கார்னருக்கு உள்பக்கம் கவரில் நிற்பவர் எப்போது கையை விடுகிறார் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறார். அந்த ரைடுகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் மூவருக்குமே அரைகுறையாகத்தான் தெரியும்.

பிரதீப் நர்வால் 2017 ஆம் ஆண்டு புரோ கபடி லீக்கில் பாட்னா அணிக்காக ஹரியாணாவுக்கு எதிராக ஒரே ரைடில் ஆறு பேரைத் தொட்டு, எதிரணி முழுவதும் வெளியேறும் ஆல் அவுட்டையும் சேர்த்து எட்டுப் புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் அவர் எடுத்தவை 34 ரைடு புள்ளிகள். அவருடைய பயிற்சியாளர் வரிசை பார்த்து அவரை நிறுத்தி வைத்திருந்தால் அது நடந்திருக்குமா? வெளியூரிலிருந்து வந்தவருக்கு நம் ஆட்டக்காரரின் அருமை தெரியவில்லை.

ஒரத்தநாடு கவர் எழுதியது:

பல ஆண்டுகள் கவரில் நின்று ஆடியவன் என்ற முறையில் நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ரைடரைப் பற்றிப் பேசும்போது, அவர் பிடிபட்ட பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

முதன்மை ரைடர் பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்பதோடு விஷயம் முடிவதில்லை. அவர் உள்ளே திரும்ப வேண்டுமானால் நம்மில் யாராவது எதிரணியில் ஒருவரையாவது வெளியேற்ற வேண்டும். போனஸ் புள்ளி எடுத்தால் பலகையில் எண் கூடுமே தவிர, வெளியே உட்கார்ந்திருப்பவர் உள்ளே வர முடியாது. அவரே எல்லா ரைடும் போகிற அணியில், அவர் வெளியேறியதும் பாடப் போகிறவருக்கு அன்றைய முதல் ரைடே அதுவாக இருக்கும். உடம்பு சூடேறியிருக்காது, எதிர்க் களத்தை ஒரு முறையேனும் மிதித்திருக்க மாட்டார். அவர் வெறுங்கையோடு திரும்புவார், அடுத்தவரும் அப்படியே திரும்புவார், மூன்றாவது ரைடில் கட்டாயம் தொட்டே ஆக வேண்டிய நிலையில் போய்ப் பிடிபடுவார். இரண்டே நிமிடத்தில் களத்தில் மூன்று பேர் நிற்பார்கள், ஆல் அவுட் கண்ணுக்குத் தெரியும். கடந்த ஆண்டுகளில் உங்கள் அணி தோற்ற ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இப்படித்தான் போயிருக்கும். அண்ணன் மோசமாக ஆடிய நாளில் நீங்கள் தோற்கவில்லை, அவர் வெளியே உட்கார்ந்திருந்த நிமிடங்களில்தான் தோற்றீர்கள்.

வெண்ணாற்றுக்காரர் சொல்லும் நர்வால் ரைடு உண்மைதான். ஆனால் ஆறு பேரைத் தொடும் ரைடரை மனதில் வைத்து ஒரு முகாமைத் திட்டமிட முடியாது.

எனக்குப் பயிற்சியாளரிடம் இருக்கும் ஐயம் வேறு. முகாமில் அவர் பிடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. கார்னரும் கவரும் கைகோத்து நிற்கும் செயின், மணிக்கட்டோடு மணிக்கட்டாக ஒரே தொலைவில் நகர வேண்டும். அது தினமும் பழகாமல் வராது. எங்கள் காலத்தில் இருவர் கையையும் துண்டால் சேர்த்துக் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஓடவிடுவார்கள், ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் தடுக்கி விழுவார். ரைடரை மூன்றாகப் பிரித்துவிட்டுப் பிடியைக் கவனிக்காமல் விட்டால், அந்த முகாமால் பயன் இல்லை.

திருவையாற்று ரசிகர் எழுதியது:

வெளியூர்ப் பயிற்சியாளர் என்ற குறை நம் பக்கத்தில் எப்போதும் எழுகிறது. தமிழ் தலைவாஸ் அணியைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வருபவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2017 இல் புரோ கபடிக்கு வந்த அந்த அணி, அஜய் தாக்கூர் போன்ற ரைடர் தலைமையில் ஆடியும் முதல் மூன்று பருவங்களில் லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளேஆஃபை எட்டவில்லை, நான்காவதிலும் எட்டவில்லை. 2022 இல் லீக்கின் ஒன்பதாவது பருவத்துக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்துப் பவன் செராவத்தை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. அவர் ரைடு போகும்போது காயம்படவில்லை, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனபோதுதான் அது நேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்தான் நரேந்தர். அது அவருக்கு முதல் பருவம். 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்ய பவார் துணை ரைடராகக் கைகொடுத்தார். சாகரும் சாகில் குலியாவும் கார்னர்களில் நின்றார்கள். பருவத்தின் நடுவே பொறுப்பேற்ற பயிற்சியாளர் அசன் குமார் தமிழர் அல்லர். ஆனாலும் அந்த ஆண்டுதான் அணி முதன்முறையாகப் பிளேஆஃபுக்கு வந்து அரையிறுதி வரை போனது.

மறுபுறமும் சொல்லிவிடுகிறேன். நம் தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பிறகு 2016 இல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றவர். அவரைவிட நம் மண்ணை அறிந்தவர் யார்? அவரும் உதயகுமாரும் பயிற்சியாளர்களாக இருந்த 11 ஆவது பருவத்தில் தலைவாஸ் பிளேஆஃபுக்கு வரவில்லை. ஆகவே ஊரை வைத்துப் பயிற்சியாளரை எடைபோட முடியாது.

உங்கள் அண்ணன் பிடியின்போது எங்கே நிற்கிறார் என்பதைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். கார்னரில் நிறுத்தினால் ஒவ்வொரு ரைடிலும் எதிரணி ரைடரின் காலைக் குறிவைத்து அவர் பாய வேண்டியிருக்கும். முதன்மை ரைடரை அங்கே நிறுத்துவது ஆபத்தான வேலை.

பாமணிக்கரை எழுதியது:

பிடிப் பயிற்சி காலையில் நடக்கிறது, ஆனால் அதைப் பார்க்க நாங்கள் போவதில்லை. மாலையில் நடக்கும் ரைடைத்தான் போய்ப் பார்க்கிறோம். அண்ணனைக் கார்னரிலிருந்து எடுத்து உள்பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் தண்டனை என்றே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

நீடாமங்கலம் நடுவர் எழுதியது:

ஊர்த் தொடர்களில் ஊதல் ஊதுபவன் என்பதால், இந்த விவாதத்தில் விடுபட்ட ஒன்றைச் சொல்கிறேன். நாக் அவுட் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் டை பிரேக்கர் வரும். அதில் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ரைடுகள். அந்த ஐந்தையும் ஐந்து வெவ்வேறு ஆட்டக்காரர்கள்தான் போக வேண்டும். வெளியேறுவதும் உள்ளே வருவதும் அதில் இல்லை, ஏழு பேரும் களத்தில் நின்றுகொண்டே இருப்பார்கள். பாக் லைனே போனஸ் கோடாகவும் கணக்கிடப்படும். திருவையாற்று ரசிகர் சொன்ன அதே 2022 இல், தலைவாஸ் உ.பி. யோதாஸ் அணியை எலிமினேட்டர் என்ற பிளேஆஃப் ஆட்டத்தில் வென்றது 36-36 என்ற சமநிலைக்குப் பிறகு இந்த டை பிரேக்கரில்தான். ஒரே ரைடரை வைத்திருக்கும் அணி இதற்கு என்ன செய்யும்? கார்னரிலும் கவரிலும் நின்றே பழகியவர்கள் நான்கு பேரைப் பாடச் சொல்லி அனுப்பும். அவர்கள் கோட்டைத் தொடுவதா ஆளைத் தொடுவதா என்று தெரியாமல் முப்பது நொடியைக் கழித்துவிட்டுத் திரும்புவார்கள். நான் ஊதிய ஆட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மேட். மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது திரும்புகிற கால் சற்றே வழுக்கிக்கொடுக்கும். மேட்டில் காலணியோடு ஆடும்போது பாதம் அப்படியே நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். வயதும் உடல் எடையும் கூடிய ரைடருக்கு மேட்டில் ஒரே மாலையில் இருபது ரைடு கொடுப்பதை எந்தப் பயிற்சியாளரும் தவிர்ப்பார். உங்கள் பயிற்சியாளர் இதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது அவருடைய குறை. ஆனால் அவர் செய்வதில் காரணம் இருக்கிறது. வடுவூரைப் பாருங்கள், 2025 இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அந்த ஊர்த் தம்பி ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே பெரிய ஆட்டங்களில் இறக்கிவிடாமல் அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

வெண்ணாற்றுக்காரன் எழுதியது:

டை பிரேக்கருக்கு ஐந்து பேர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்காக முகாமில் ஐந்து பேரையும் பாடச் சொல்லுங்கள், யாரும் எதிர்க்கப் போவதில்லை. நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்றுதான். ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது வரும் டூ ஆர் டை ரைடுக்கு வரிசை பார்ப்பது மடமை. அந்த ரைடை அதற்குரியவரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பி பாதி ரைடில் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தார் என்று பாமணிக்கரை எழுதியிருக்கிறாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கோட்டைத் தாண்டிய பிறகு முடிவெடுக்க வேண்டியவர் ரைடர் மட்டுமே. வெளியிலிருந்து குரல் கொடுத்துப் பழக்கிய பயிற்சியாளரால்தான் அவர் திரும்பிப் பார்க்கிறார்.

ஒரத்தநாடு கவர் எழுதியது:

இதில் வெண்ணாற்றுக்காரரோடு முழுமையாக உடன்படுகிறேன். வரிசை முகாமுக்கு உரியது, கடைசி ஐந்து நிமிடம் அணித் தலைவருக்கு உரியது. பாமணிக்கரை அவர்களே, ஞாயிறன்று அடுத்த பயிற்சி ஆட்டம் இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் நேரில் பேசுங்கள். களத்தின் ஓரத்தில் நின்று கூச்சலிட வேண்டாம். இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கடைசி நிமிடங்களில் டூ ஆர் டை ரைடு யாருக்கு? தம்பி உள்ளே போன பிறகு அவருக்கு வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்காமல் இருப்பார்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் பொங்கல் வரை அவரை அவர் போக்கில் விடுங்கள். காலைப் பயிற்சியையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அண்ணன் உள்பக்கத்தில் நின்று எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.